கீழ்ப்பாலும் மேற்பாலும்: புகார் நகரும் கரிசல் ஊரும்

நகரங்கள் பெயர் பெறுதல் போலவே நகரத்தின் பகுதிகளும் பெயர் பெறுகின்றன. பெயர் என்னும் தமிழ்ச்சொல் இடுபெயரையும் குறிக்கும், புகழையும் குறிக்கும், அடை சேர்ந்தவழிப் பழியையும் குறிக்கும். ஒருவரைக் கண்டவுடன் 'எந்த ஊர்' என வினவுதலும், ஊர் அறிந்தபின் 'எந்தத் தெரு' என வினவுதலும் நம் நாட்டு வழக்கு. இரண்டாம் வினா இடம் அறிதற்கு எழுந்ததன்று என்பதை வினவுவாரும் அறிவர். விடை கூறுவாரும் அறிவர். இத்தெருப்பெயர் மதிப்பாக மாறுவது எங்ஙனம்? அம்மதிப்பினை இலக்கியம் எங்ஙனம் கையாண்டது? அவ்விலக்கியத்தைக் கற்பிக்கும் நாம் அதனை எங்ஙனம் படித்து வருகின்றோம்? இம்மூன்றும் ஒருங்கு வைத்து ஆராய்தற்குரியன.

இவ்வாராய்ச்சிக்கு இருவகை நூல்களை எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று, காவிரிப்பூம்பட்டினத்தின் இரு பாக்கங்களையும் எதிரெதிர் நிறுத்திக் காட்டும் சிலப்பதிகாரப் பகுதி. மற்றொன்று, கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் தோன்றிய புதினங்களும் சிறுகதைகளும். காலத்தால் இவை நெடுந்தொலைவில் நிற்பன, நிலத்தாலும் வேறுபட்டன. ஒன்று ஆறும் கடலும் கூடும் துறைமுகம். மற்றது மழையையே நம்பிய வானம் பார்த்த பூமி. எனினும் ஓர் ஊரை இரண்டாகப் பகுத்து இருபாலார்க்கும் என்ன பெயர் கொடுப்பது என்னும் சிக்கல் இரண்டற்கும் பொது. ஒன்றன் துணைகொண்டு மற்றொன்றைப் படிக்கும்போது முன்பு புலப்படாத சில புலப்படுகின்றன.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கிழக்கு, மேற்கு என்னும் திசைப்பெயர்களின் பகுதி கீழ், மேல் என்பன. தாழ்ந்த இடமும் உயர்ந்த இடமும் அச்சொற்களின் பொருள். மேற்கே மலைத்தொடர் நிற்க, நிலம் கிழக்கு நோக்கிச் சரிந்து கடலைச் சேரும் நாட்டில் வாழ்ந்தோர் திசைக்கு இட்ட பெயர்கள் இவை என்பதை 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். மலையாள நாட்டில் மலை கிழக்கே உளது. கடல் மேற்கே உளது. ஆயினும் அங்கும் அத்திசைக்குக் கிழக்கு என்பதே பெயர். நிலக்கிடக்கையோடு முரண்படும் இப்பெயர் கிழக்கே சரியும் தமிழ்நிலத்திலிருந்து சென்றதாதல் வேண்டும் என்பது அவர் துணிபு. மேற்கினை ஞாயிறு படும் திசை என்னும் பொருளில் படிஞ்ஞாறு என அந்நாட்டார் வழங்குதலும் இத்துணிபுக்கு அரண் செய்கின்றது. குணக்கு, குடக்கு எனத் திசை குறிக்கும் பழஞ்சொற்கள் வேறும் உள. அவை வழக்கொழிந்தமையால் நாம் இழந்தது ஒன்றுண்டு: உயர்வு தாழ்வு தொனியாது கிழக்கையும் மேற்கையும் சொல்லும் வாய்ப்பு.

கரிசல் நிலத்தார்க்கு இச்சரிவு ஏட்டில் கண்டதன்று. வைப்பாறு கிழக்கு நோக்கி ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. மேலைக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழைக் கண்மாய்க்கு நீர் வரும். எட்டயபுரப் பகுதியில் மேல ஈரால், கீழ ஈரால் என ஈரூர்கள் உள. அங்கு மேல என்பதும் கீழ என்பதும் திசையைச் சுட்டுவனவேயன்றிப் பிறிதில்லை. ஆயின் ஓரூருக்குள் மேலத்தெரு, கீழத்தெரு என வழங்கும்போது சில இடங்களில் சொல் திசையளவில் நிற்பதில்லை. ஆளைச் சுட்டத் தொடங்கிவிடுகின்றது. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகள் எல்லா ஊரிலும் கிழக்கிலேயே அமைந்தன என யாம் கூறவில்லை. தெற்கிலும் வடக்கிலும் அமைந்த ஊர்கள் பல. அவை எத்திசையில் அமைந்தாலும் பேச்சில் கீழ் என்னும் பொருளே அவற்றின்மேல் ஏற்றப்படுகின்றது என்பதே யாம் கூற வந்தது. நிலத்தின் சரிவு சொல்லில் ஏறியது இயற்கை. சொல்லின் சரிவு மதிப்பில் ஏறியது மக்கள் செயல்.

இவ்வேறுபாட்டினை வள்ளுவர் நன்குணர்ந்திருந்தார். பெருமை என்னும் அதிகாரத்தில் மேல், கீழ் என்னும் இரு சொற்களையே எடுத்து, இருக்கைப் பொருளிலும் பண்புப் பொருளிலும் மாற்றி மாற்றி வைத்து, இருக்குமிடம் ஒருவரை மேலாக்குவதுமில்லை, கீழாக்குவதுமில்லை என நிறுவுகின்றார். சொல் ஒன்றே, பொருள் இரண்டு, அவற்றைக் குழப்பற்க என்பது அக்குறளின் உட்கிடை. அறநூல் கற்பார் இதனை எளிதில் ஒப்புவர். காப்பியம் கற்பிக்கும்போதுதான் மறந்துவிடுகின்றோம்.

இனிப் புகார் நகருக்கு வருவோம். இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் நகரின் இரு கூறுகளையும் வரிசைப்படுத்துகின்றார். கடலை அடுத்தது மருவூர்ப்பாக்கம். அதன் மேல்பால் உள்ளது பட்டினப்பாக்கம். முன்னதைப் புறநகர் எனவும் பின்னதை அகநகர் எனவும் வழங்குவர். மருவூர்ப்பாக்கம் உழைப்போரும் சிறுவணிகரும் வாழ்ந்த இடம், பட்டினப்பாக்கம் அரசரும் பெருவணிகரும் மறையோரும் வாழ்ந்த இடம் எனக் கூறிவிட்டு மேலே செல்வது வகுப்பறை வழக்கு. இங்ஙனம் கூறும்போதே தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று என்னும் எண்ணம் மாணாக்கர் உள்ளத்தில் பதிந்துவிடுகின்றது. அடிகள் அங்ஙனம் கூறினாரா என்பதே வினா.

மருவூர்ப்பாக்கத்தில் யார் யார் இருந்தனர்? நிலா முற்றங்களும் பண்டசாலைகளும் உடைய அப்பாக்கத்தில் யவனர் இருந்தனர். கலத்தால் வந்து குடியேறிய பிற நாட்டினர் கலந்து இனிது உறைந்தனர். சுண்ணமும் சாந்தும் பூவும் புகையும் விற்போர் திரிந்தனர். பட்டினும் மயிரினும் பருத்தியினும் நுண்ணிதின் நெய்வோர் இருந்தனர். முத்தும் மணியும் பொன்னும் அளவின்றிக் குவிந்த மறுகு ஒருபால். பலவகைக் கூலங்கள் குவிந்த வீதி ஒருபால். பிட்டு விற்போர், அப்பம் விற்போர், கள் விற்கும் மகளிர், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர், ஊன் விற்போர், எண்ணெய் விற்போர் எனப் பட்டியல் நீள்கின்றது. பின்னர்க் கன்னார், செம்பு செய்வோர், தச்சர், கொல்லர், ஓவியர், மண்ணால் உருச் செய்வோர், பொற்கொல்லர், தையல் தொழிலாளர், தோல் தைப்போர் வருகின்றனர். குழலிலும் யாழிலும் வல்ல பெரும்பாணரும் அங்கேயே இருந்தனர்.

இப்பட்டியலைப் பலரும் எடுத்துக்காட்டுவர். பட்டியலின் முடிவில் அடிகள் பெய்துள்ள அடைகளை எடுத்துக்காட்டுவார் அரியர். கைவினை மாக்களைக் கூறி முடிக்கும்போது அவர்தம் வினைக்குப் பழுது இன்மையைச் சொல்கின்றார். பாணரைக் கூறும்போது அவர்தம் இசைக்கு வழு இன்மையைச் சொல்கின்றார். சிறு சிறு கைத்தொழில் செய்வாரையும் பிறர்க்கு ஏவல் செய்வாரையும் இறுதியில் சேர்த்துப் பாக்கம் முழுமைக்கும் முடிவு கூறும்போது மறு இன்மையைச் சொல்கின்றார். பழுது, வழு, மறு. குற்றத்தைக் குறிக்கும் மூன்று சொற்கள், மூன்றும் சில அடிகளுக்குள் அடுத்தடுத்து வருகின்றன, மூன்றும் எதிர்மறுக்கப்படுகின்றன. மருவூர் என்னும் பெயரோடு மறு என்னும் சொல் ஒலியால் இயைவதால் வந்த ஓசை நயம் என இதனைத் தள்ளிவிடலாமா? ஒன்றாயின் தள்ளலாம். மூன்று வந்தமையால் தள்ளுதல் இயலாது. இப்பாக்கத்தார் மீது ஒரு குற்றம் சாற்றப்படக்கூடும் என்பதை முன்னறிந்த புலவர் அதனை முன்னரே விலக்கி வைக்கின்றார் என்றே யாம் கொள்கின்றோம்.

பட்டினப்பாக்கத்துக்கு இங்ஙனம் குற்றமின்மை கூறப்படவில்லை. அதற்குக் கூறப்படுவது சிறப்பு. பெருமை வாய்ந்த பெரியோர் நிறைந்தது, புலவர் பாடும் சிறப்புடையது என முடிக்கின்றார். சிறப்பு என்னும் சொல் அம்முடிவில் இருமுறை வருகின்றது. எனவே ஒருபாற்குப் பழியின்மை, மறுபாற்குப் புகழுண்மை. இரண்டும் ஒரே அளவினவோ என வினவுவார் இருப்பர். பழியின்மை புகழினும் குறைந்தது என அவர் வாதிடலாம். அவ்வாதம் முற்றும் தள்ளத்தக்கதன்று. ஏனெனில் அரசன் இருக்கும் பக்கத்துக்குப் பாட்டும், தொழிலாளர் இருக்கும் பக்கத்துக்கு நற்சான்றும் கிடைத்தன என்பது உண்மை. ஆயின் எதற்காக இப்பெயர்கள் அளிக்கப்பட்டன என்பதையும் பார்த்தல் வேண்டும். மருவூர்ப்பாக்கத்தின் நற்பெயர் செய்வினையால் வந்தது. பழுதற்றது வினை, வழுவற்றது இசை. பட்டினப்பாக்கத்தின் பெயர் இருப்போரால் வந்தது. செய்கையால் வரும் பெயரும் இருக்கையால் வரும் பெயரும் வேறு என்பதை மேற்குறித்த குறள் கற்றார் அறிவர்.

மேலும், உழைப்போர் ஒருபுறம் உயர்ந்தோர் ஒருபுறம் என்னும் பகுப்பே மூலத்தில் முழுமையாக நில்லாது. மணி கோப்போரும் சங்கறுத்து வளை செய்வோரும் கைவினைஞர் அல்லரோ? அவர்கள் பட்டினப்பாக்கத்தில் உள்ளனர். உழவரும் அங்கேயே உள்ளனர். சூதர், மாகதர், கூத்தர், நாடக மகளிர், பூவிலை மடந்தையர், ஏவல் மகளிர், நகைச்சுவை விளைக்கும் வேழம்பர் ஆகிய அனைவரும் அப்பாலே உள்ளனர். முத்தும் பொன்னும் குவிந்த மறுகோ மருவூர்ப்பாக்கத்தில் உளது. இவ்வகைப்பட்டியலை ஒட்டிச் செல்வோமாயின் கோவலன் பிறந்த பெருவணிகர் தெருவும் மாதவி ஆடிய கூத்தியர் தெருவும் ஒரே பாக்கத்தின. காப்பியத்தின் முதற்காண்டத்துத் துன்பம் முழுதும் புகழ் மிக்க மேற்பாலிலேயே விளைகின்றது. கீழ்ப்பால் அதில் பங்கு கொள்ளவில்லை. இது கடாவிடையாகக் கூறுவதேயன்றி அடிகள் கருத்து எனத் துணிந்து கூறுவதன்று.

இரு பாக்கங்களுக்கும் இடையில் உள்ளது நாளங்காடி. மரங்கள் செறிந்த சோலையே கடைத்தெருவாக, விற்போர் ஓசையும் வாங்குவோர் ஓசையும் ஓயாத இடம் அது. அதற்கு அடிகள் கூறும் உவமை வியப்பளிப்பது. இரு பெருவேந்தர் போர் செய்யும் களம் போன்றது அவ்விடைநிலம் என்கின்றார். சந்தைக்குப் போர்க்களம் உவமையாவது எங்ஙனம்? ஆரவாரம் பொதுத்தன்மை என உரைப்பது எளிது. இருபாலாரும் நிகரானவர் என்பதும் அவ்வுவமையில் அடங்கியுள்ளது. சிற்றரசனும் பேரரசனும் பொருதனர் எனக் கூறவில்லை. இரு பெருவேந்தர் என்றே கூறினார். இதனை வலியுறுத்துவது அடுத்து வரும் காட்சி. நாளங்காடிப் பூதத்துக்கு விழாவெடுக்கும் நாளில் மருவூர்ப் பக்கத்து மறவரும் பட்டினப் பக்கத்துப் படைமாக்களும் ஒருவரை ஒருவர் முந்திச் சென்று பலிபீடத்தில் தம்மையே கொடுக்க நிற்கின்றனர். பீடம் ஒன்று, முந்துவோர் இருதிறத்தார். இன்னார் முன் செல்லுதற்குரியர், இன்னார் பின் நிற்றற்குரியர் என்னும் முறை அங்கு இல்லை. கோவில் விழாக்களில் எத்தெருவார்க்கு முதன்மை என்பது பற்றிப் பிற்காலத்தில் நிகழ்ந்த வழக்குகளை அறிந்தார்க்கு இக்காட்சியின் அருமை புலப்படும்.

குற்றம் செய்தவர் அந்நகரில் இல்லையோ எனின், உளர். அவர்க்கும் ஓரிடம் உண்டு. அது பாக்கமன்று, பூதசதுக்கம். பொய்த்தவ வேடத்தார், மறைவில் ஒழுக்கம் தவறும் பெண்டிர், அரசனுக்கு இரண்டகம் செய்யும் அமைச்சர், பிறன்மனை விழைவோர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோரைப் பற்றி உண்ணும் பூதம் அங்கு நின்றது. இப்பட்டியலில் தொழில் பற்றிய பெயர் உண்டா எனின், அமைச்சர் என்னும் ஒன்றே உண்டு. தெருவின் பெயரோ குடியின் பெயரோ ஒன்றும் இல்லை. கள் விற்றவளையும் தோல் தைத்தவனையும் அப்பூதம் தேடவில்லை.

எம் முதுகலை வகுப்பில் இப்பகுதியை நடத்துகையில் மாணவர் ஒருவர் எழுந்து, 'தோல் தைப்பவரும் மறுவற்றவர் என்றுதான் பொருளா?' என வினவினார். ஆம் என்றோம். 'உரையில் அங்ஙனம் இல்லையே' என்றார். அவர் கையிலிருந்தது தேர்வுக்குரிய ஓர் எளிய உரைநூல். அதில் மருவூர்ப்பாக்கத்துக்கு 'எளியோர் வாழும் பகுதி' என்னும் ஒரு தொடரே விளக்கமாக இருந்தது. மறு என்னும் சொல்லுக்கு விளக்கமே இல்லை. நூலாசிரியர் வேண்டுமென்றே விட்டார் எனக் கூறோம். தம் ஊர்த்தெருவை மனத்தில் வைத்துக் காப்பியத் தெருவைப் படித்தார். படித்ததில் தெரு நின்றது, அடை மறைந்தது. இத்தகைய மறைவுகளே திறனாய்வாளர் கவலைகொள்ள வேண்டியவை. வினவிய மாணவர்க்கு அச்சொல் வெறும் இலக்கண நயமாக இராது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மதுரையிலும் இதே முறையைக் காண்கின்றோம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் முதலில் தங்குவது மதிலுக்கு வெளியே உள்ள புறஞ்சேரியில். அறம்புரிவோர் அன்றிப் பிறர் சேராத இடம் என அதனை அடிகள் அறிமுகம் செய்கின்றார். அங்கேதான் இடைக்குல மடந்தை மாதரியிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்புவிக்கப்படுகின்றாள். மதிலுக்கு வெளியே அடைக்கலம் கிடைத்தது. மதிலுக்கு உள்ளே கிடைத்தது கொலை. ஊருக்குப் புறம்பான இடத்துக்கு நற்பெயரும் ஊர்நடுவுக்குப் பழியும் தருவதில் இக்காப்பியத்துக்குத் தயக்கமில்லை.

புறஞ்சேரி என்னும் சொல்லைக் கடந்து செல்லுமுன் சேரி என்னும் சொல்லைச் சிறிது நோக்குதல் நன்று. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் புறச்சேரியில் பன்றியும் கோழியும் உறைகிணறும் உண்டு. இழிவுக் குறிப்பு ஏதும் இல்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவே. சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களில் அந்தணர் வாழ்ந்த பகுதிகளும் சேரி எனப்பட்டன. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பெற்ற தஞ்சைப் பெரிய கோவிற் கல்வெட்டுகளில், கோவிற்பணிக்கு வந்த நானூறு தளிப்பெண்டுகள் குடியிருந்த தளிச்சேரியும் உண்டு. இறை நீக்கப்பட்ட நிலங்களைக் கூறுமிடத்துக் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் உண்டு. ஒரே கோவிற் சுவரில் ஒரே சொல் பொது நிலையிலும் இழி நிலையிலும் நிற்பதைக் காண்கின்றோம். அந்தச் சுவர் எழுந்த காலத்தில் இழிவு அடைமொழியில் இருந்தது. பின்னர் அடைமொழி உதிர்ந்து, இழிவு மட்டும் சேரி என்னும் சொல்லிலேயே தங்கிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் அரசு கட்டிய வீடுகளுக்குக் காலனி என்னும் புதுச்சொல் வந்தது. சேரி என்னும் சொல்லின் கறை தீரும் என எண்ணியிருக்கலாம். கறை சொல்லிலன்றிச் சொல்வோரிடம் இருந்தமையால் புதுச்சொல்லிலும் ஏறியது. இதில் விந்தை யாதெனில், நகரத்தில் அதே சொல் வேறு பெயர் பெற்றது. ஆலைக் காலனி, இரயில்வே காலனி என்றால் மாதச் சம்பளமும் ஒழுங்கான வீதியும் நினைவுக்கு வரும். சிற்றூரில் காலனி என்றால் நினைவுக்கு வருவது வேறு. 2025 ஏப்பிரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் காலனி என்னும் சொல் நீக்கப்படும் எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்கதே. அடுத்து வரும் சொல்லின் வரலாற்றை எழுதப் பின்வரும் ஆராய்ச்சியாளர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இனிக் கரிசல் இலக்கியம். கோவில்பட்டிக்கு அணித்தான இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். முன்னவர் 1970-இலும் பின்னவர் 2021-இலும் மறைந்தனர். இருவர் கதைகளிலும் வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாடு நுண்ணிதாகக் காட்டப்படும். 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதையில், பெருநிலக்கிழார் வீட்டுக்கு வந்த ராஜாவும் ஏழைத்தாயின் குடிசைக்கு வந்து சேர்ந்த ராஜா என்னும் பெயருடைய ஆதரவற்ற சிறுவனும் குழந்தைகளின் போட்டிப் பேச்சில் ஒரே தட்டில் நிறுத்தப்படுகின்றனர். பெயர் என்னும் சொல்லின் இரு பொருளையும் இத்துணை எளிதாக ஆண்ட கதை அரிது. கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' காடு எரித்து ஊர் கண்ட வரலாறு. ஆயின் இவ்விருவர் நோக்கும் பெரும்பாலும் ஊர்நடுவிலிருந்து புறப்படுவது. நோக்கு மறுபக்கத்திலிருந்து புறப்பட்டால் ஊர் எங்ஙனம் தோன்றும் என்பதைக் காட்ட வந்தது பூமணியின் 'பிறகு' (1979).

அப்புதினத்தின் தலைவன் அழகிரி தோல் தொழிலாளி. விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளின் கரிசல் சிற்றூரே களம். கமலை இறைவைக்கும் காலணிக்கும் தோல் தைத்துக் கொடுக்கும் ஒருவர் இன்றி ஊர் இயங்காது. எனினும் அவர் ஊருக்குப் புறம்பே இருத்தல் வேண்டும். இம்முரண்பாட்டைப் பூமணி உரத்துக் கூறவில்லை. குறை கூறுவார் இதனைக் குறையாகக் கூறினர். போராட்டம் போதவில்லை என்றனர். எமக்கோ அவ்வடக்கமே வலிமையாகத் தோன்றுகின்றது. அழகிரியின் வினையில் பழுதில்லை என்பதைப் பக்கந்தோறும் காட்டிச் செல்கின்றார் ஆசிரியர். மருவூர்ப்பாக்கத்துத் தோல் தைப்போர்க்கு அடிகள் ஓர் அடையால் தந்ததைப் பூமணி ஒரு புதினத்தால் தருகின்றார். இரண்டையும் அடுத்தடுத்துக் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பிற விளக்கம் மிகையாகும்.

2012-இல் வெளிவந்து 2014-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற 'அஞ்ஞாடி' என்னும் பெரும்புதினத்தில் பூமணி இன்னும் விரிந்த களத்தை எடுக்கின்றார். 1895-இல் கழுகுமலையிலும் 1899-இல் சிவகாசியிலும் நிகழ்ந்த கலவரங்கள் அதில் இடம்பெறுகின்றன. கழுகுமலைப் பூசல் தேரோடும் வீதியில் நாடார் ஊர்வலம் செல்லும் உரிமை பற்றியது. நாளங்காடிப் பூதத்தின் முன் இருபக்கத்தாரும் முந்திச் சென்ற காட்சியை மேலே கண்டோம். கழுகுமலையில் முந்திச் செல்வது இருக்கட்டும், வீதியில் செல்வதே வழக்காயிற்று. வீதிக்கு உரியோர் யார் என்னும் வினா கோவில்பட்டி நாட்டார்க்குப் பழங்கதையன்று. பாட்டனார் வாய்க் கேட்ட செய்தி.

சோ. தருமனின் 'கூகை' (2005) பெயர் என்னும் பொருளை நேராகவே எடுத்துக்கொள்கின்றது. கூகை தீக்குறிப் பறவை என்பது உலகர் நம்பிக்கை. பகலில் சிறு பறவைகளும் அதனைக் கொத்தித் துரத்தும். இரவில் அதன் வலிமைக்கு நிகரில்லை. அதனையே தம் காவல் தெய்வமாக வழிபடும் ஒடுக்கப்பட்ட மக்களின் கதை அது. கெட்ட பெயரை மறைக்காமல், மறுக்காமல், அதனையே எடுத்துக் கோவிலில் வைத்துவிடுகின்றனர். இதனைப் புதுமை உத்தி எனத் திறனாய்வாளர் சிலர் பாராட்டினர். உத்தி மெய், புதுமை என்பதில் எமக்கு உடன்பாடில்லை. சங்க இலக்கியத்தில் கூகைக்கு இரு பெயரும் உண்டு. புறநானூற்றின் சுடுகாட்டுக் காட்சிகளில் அது பகலிலும் கூவும் அச்சப்பறவை. நற்றிணையில், 83-ஆம் பாட்டில், ஊர் உண்துறையருகே தெய்வம் உறையும் பழமரத்தில் நெடுங்காலம் பழகிய அண்டை வீட்டார் போல அது இருக்கின்றது. தலைவன் வரும் இரவில் குழறாதிருந்தால் ஊனும் சோறும் சுட்ட எலியும் நிறையத் தருவோம் எனத் தோழி அதனிடம் இரந்து நிற்கின்றாள். சுடுகாட்டுக் கூகையை நம் மரபு நினைவில் வைத்தது. உண்துறைக் கூகையை மறந்தது. தருமன் அதனைக் கரிசல் காட்டில் மீண்டும் கண்டெடுத்தார். நூல்வழியாகவோ ஊர்வழியாகவோ எனின், ஊர்வழியாகவே எனக் கருதுகின்றோம்.

ஒன்று கூறி மேற்செல்ல வேண்டும். புகாரை மிகையாகப் போற்றிக் கரிசல் ஊரைப் பழிப்பது எம் நோக்கமன்று. மருவூர்ப்பாக்கத்துப் பட்டியலில் இல்லாதாரும் உளர். நகரின் கழிவகற்றியோர் யார், பிணம் சுட்டோர் யார், அவர் எப்பாக்கத்தில் இருந்தனர் என அப்பகுதி கூறவில்லை. விழாக்கோலத்து நகரைக் காட்டும் காதையில் அவர்க்கு இடமில்லாமற் போனது. விழா முடிந்த மறுநாளை எழுதும் பொறுப்புப் புதினத்துக்கு வந்தது எனலாம். ஆகவே மூன்று குற்றச்சொற்களை எதிர்மறுத்த அடிகளின் பெருந்தன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைப் பூமணியும் தருமனும் காட்டுகின்றனர்.

கோவில்பட்டி நகரமும் இவ்வாராய்ச்சிக்கு ஒரு களமே. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தபின் பருத்தி வணிகம் பெருகியது. 1901-இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நூற்பாலைகளும், இருபதாம் நூற்றாண்டில் சிவகாசி, சாத்தூரோடு சேர்த்து எண்ணப்படும் தீப்பெட்டித் தொழிலும் வளர்ந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் சுற்றுச் சிற்றூர்களின் மேலத்தெருவாரும் கீழத்தெருவாரும் ஒரே தொழிற்கூடத்தில் ஒரே கட்டைகளை அடுக்கினர். 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணாலும் கைப்பக்குவத்தாலும் ஓர் ஊர் பெற்ற பெயரைச் சட்டம் ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று. மருவூர்ப்பாக்கத்துக்கு அடிகள் பெயர் தந்த முறையும் ஏறத்தாழ இதுவே. வினையால் வந்த பெயர் ஊர் முழுமைக்கும் உரியதாகின்றது. இருக்கையால் வந்த பெயர் இன்னும் தெருவளவில் நிற்கின்றது.

இத்துறையில் இளம் ஆராய்ச்சியாளர் செய்தற்குரியன பல. கி. ராஜநாராயணன் 1982-இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி சொற்களைத் தொகுத்தது. தெருப்பெயர்கள் இன்னும் தொகுக்கப்படவில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டங்களில் ஊர்தோறும் சென்று, தெருவின் ஆவணப்பெயர், அத்தெருவார் தாமே வழங்கும் பெயர், எதிர்த்தெருவார் அதற்கு வழங்கும் பெயர் என மூன்று நிரலாக எழுதுதல் வேண்டும். மூன்றாம் நிரலைக் கேட்டுப் பெறுவது அரிது. வினவுவார் எத்தெருவினர் என்பதற்கேற்ப விடையும் மாறும். ஆகவே இருபாலிலிருந்தும் ஒவ்வொருவராக இணைந்து செல்லும் இருவரே அதற்கு ஏற்றவர். சிலப்பதிகாரத்தின் எளிய பதிப்புகளில் மருவூர்ப்பாக்கத்துக்கு எழுதப்பட்டுள்ள குறிப்புகளையும், அவற்றுள் மறு என்னும் சொல் எத்தனையில் விளக்கம் பெற்றுள்ளது என்பதையும் ஒப்பிட்டு எழுதுதல் மற்றொரு பணி. அதனை எம் துறையின் முதுகலை மாணவர் இருவர் இவ்வாண்டு மேற்கொண்டுள்ளனர்.